சிலிண்டர் முட்டியின் நடிப்புப் பள்ளி

காஞ்சிபுரத்தில் ஒருவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஜோசியரிடம் போக வேண்டியதில்லை. எங்கள் கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் போடும் முட்டியிடம் கேட்டால் போதும். ரேஷன் கார்டில் அவருக்கு வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மனுஷனின் குணம் முகத்தில் இல்லை, கால் முட்டியில் இருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததால் வந்த பெயர் அது.

எல்லாம் ஒரு சிலிண்டரால் வந்த வினை. திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில் ஒரு மண்டபத்தில் சென்னை நாடகக்காரர்கள் பத்து நாள் நடிப்புப் பயிற்சி நடத்தினார்கள். சமையலுக்கு சிலிண்டர் போடப் போனார் இவர். தோளில் பாரத்தோடு நுழைந்தவரைப் பார்த்ததும் பயிற்சியாளர் பரவசமாகிவிட்டார். "எல்லாரும் இவரைப் பாருங்க! பாரம் உடம்புல எங்க இறங்குது? இவர் மனசுல இப்ப என்ன ஓடுது?"

துக்கம் என்றார் ஒருவர். குற்ற உணர்ச்சி என்றார் இன்னொருவர்.

"சிலிண்டர எங்க எறக்கறதுன்னுதாம்பா ஓடிக்கினு இருந்துச்சு" என்று பிற்பாடு எங்களிடம் சொன்னார். ஆனால் அன்றைக்கு சிலிண்டரை இறக்கி வைத்தவர் திரும்பி வரவில்லை. பத்து நாளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சமைக்க வழியில்லாத பாதி ஊர் போன் போட்டுத் திட்டியது என்னைத்தான். புக்கிங் மேஜையில் இருந்தவள் நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ராங் நம்பர் போட்டவரிடமும் நான்தான் சாரி சொல்வேன்.

பதினோராம் நாள் வந்தவர் வேறு ஆளாக வந்தார்.

"ஜரிகைக் கடைக்காரரு பாதிக் கதவுதாம்மா தொறக்கறாரு. பயம். தறிக்காரரு எழுந்து வந்து கதவு தொறந்தாலும் காலு மிதிச்சிக்கினே இருக்குது. மனசு இன்னும் தறியில இருக்குது."

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிலிண்டர் போடப் போன வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பையனுக்கு இஷ்டமில்லம்மா, முட்டி ரெண்டும் வாசலப் பார்த்துக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் முறிந்தது. பெண்ணின் அப்பா புகார் கொடுக்க ஏஜென்சிக்கே வந்தார். அவர் போன அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை வந்தான், கையில் ஒரு கிலோ மைசூர்பாகோடு.

அந்த வருடம் வணிகர் சங்க நாடகப் போட்டியில் நாமும் சேர்கிறோம் என்று முட்டி அறிவித்தார். வருடா வருடம் பரிசு பட்டுக் கடைக்காரர்களுக்குத்தான். பிச்சைக்காரன் வேஷத்துக்கும் அவர்களிடம் பட்டு வேட்டி இருந்தது. எங்களிடம் இருந்தது காலி சிலிண்டர்கள்தான்.

கதை இதுதான்: ஊர் ஏரியைக் கேட்டு மிரட்டுகிறான் ஒரு தொழிற்சாலைக்காரன்; தர மறுக்கிறாள் பஞ்சாயத்துத் தலைவி. வில்லன் எங்கள் முதலாளி. "இவருக்கு எதுவும் சொல்லித்தர வேணாம், அப்டியே நடந்து வரட்டும்" என்றார் முட்டி. தலைவி நான். முக்கியமான வசனம் ஒரே வார்த்தை: "முடியாது."

அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்தாலே குரல் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒரு வாரம் பார்த்துவிட்டு அழுதேன்.

"என்னால ஆகாதுண்ணா. வேற யாரையாவது போடுங்க."

"வாயால சொல்லப் பார்க்காதம்மா" என்றவர், குடோன் சரிவில் காலி சிலிண்டர் ஏற்றிய தள்ளுவண்டியை என் பக்கம் உருட்டிவிட்டார். "நிறுத்து!"

குதிகாலை ஊன்றி, இரண்டு கையாலும் தாங்கினேன். வயிறு கல்லாக இறுகியது. வண்டி நின்றது.

"இப்ப சொல்லு."

"முடியாது!"

குடோன் கூரையிலிருந்த காக்கைகள் பறந்தன. எனக்கே திக்கென்றது.

"எங்கேர்ந்து வந்துச்சு?"

"குதிகால்லேர்ந்துண்ணா."

"அங்கதாம்மா இருந்துருக்குது இத்தினி நாளா."

தினமும் வண்டியை நிறுத்தினேன். பத்து நாள் கழித்து வண்டியை எடுத்துவிட்டார். "வண்டி இல்ல. ஆனா வண்டி வருதுன்னு உன் உடம்பு நெனைக்கணும்."

போட்டி அன்று எங்கள் முறை வந்ததும் மைக் செத்துப்போனது. மண்டபத்தில் ஒரே இரைச்சல். முதலாளி ஏரிப் பத்திரத்தை நீட்டியபடி என்னை நோக்கி வந்தார். நான் குதிகாலை ஊன்றினேன். கையை நீட்டினேன். வாயைத் திறக்கும் முன்பே மண்டபம் அடங்கிவிட்டது. முதலாளியின் கால் அவரைக் கேட்காமலே பின்னால் போனது.

"முடியாது."

மாடியில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். முதலாளி பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டார். "சரிம்மா, வேணாம், வுட்டுடறேன்" என்று எழுதாத வசனத்தைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கியே போய்விட்டார். இன்னும் இரண்டு காட்சிகள் பாக்கி. அவை யாருக்கும் தேவைப்படவில்லை. கைதட்டல் அடங்கவே நேரமானது. முதல் பரிசு எங்களுக்கு! பட்டுக் கடைக்காரர்களே எழுந்து நின்று தட்டினார்கள்.

"நான் ஒண்ணும் பயப்படலப்பா. நடிச்சேன்" என்றார் முதலாளி, கேடயத்தை அணைத்துக்கொண்டு.

"உங்க முட்டி அப்டி சொல்லலியே, முதலாளி" என்றார் முட்டி.

இப்போது ஏனாத்தூர் கல்லூரிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் நடிப்புக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். மற்ற நாளெல்லாம் அவர் சிலிண்டர்தான் போடுகிறார். எனக்குக் கல்யாணமாகி இதே ஊரில்தான் இருக்கிறேன். இண்டக்ஷன் அடுப்பு வாங்கிவிடலாம், செலவு குறையும் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் விடவில்லை. அப்புறம் முட்டி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதற்குக் காரணம் வேண்டாமா?