தானாக நின்ற இன்ஜின் தொடர்பாக

எங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கார் வந்த அன்று, அதை ஓட்டப் போகிறவரைத் தவிர மற்ற எல்லோரும் அதைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள். இணை இயக்குநர் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எதிர்காலமே வந்து நின்ன மாதிரி இருக்கு" என்றார். அது அடிக்கடி நிற்கும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

ஓட்டப் போகிறவரை நாங்கள் நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தொன்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அவருக்கு ஒரே ஒரு ஆசை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை மனைவியோடு பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வேறு யாரோ ஓட்ட, தான் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

"எந்த ஊருக்குண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எந்த ஊரா இருந்தா என்ன தம்பி? நான் ஓட்டல, அது போதும்."

புதுக் காரின் பெருமை என்னவென்றால், சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணையும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகக் கிளம்பும். பெட்ரோலும் மிச்சம், புகையும் மிச்சம். ஆனால் எங்கள் வாகன விதிகளில் பதினான்காவது விதி ஒன்று இருக்கிறது. இன்ஜின் நிற்கும் ஒவ்வொரு முறையும் இடம், நேரம், காரணம் ஆகியவற்றை ஓட்டுநர் லாக் புக்கில் பதிந்து, பயணம் செய்யும் அலுவலரின் கையொப்பத்தைப் பெற வேண்டும். அந்த விதியை எழுதிய காலத்தில் இன்ஜினை நிறுத்த ஒரு மனிதன் சாவியைத் திருப்ப வேண்டியிருந்தது.

முதல் வாரம் நிதானம் அதை அப்படியே கடைப்பிடித்தார். சிவப்பு விழுந்ததும் பேனாவை எடுப்பார். காரணம் என்ற இடத்தில் "தானாக" என்று எழுதிப் பின்னால் நீட்டுவார். இணை இயக்குநர் கையெழுத்துப் போடுவதற்குள் பச்சை விழும். பின்னால் இருக்கிற வண்டிகள் ஹாரன் அடித்தே காதைச் செவிடாக்கும்.

இரண்டாம் வாரம் இணை இயக்குநர், "இதையெல்லாம் யாரு பாக்கப் போறா நிதானம்? விடுங்க" என்றார். வாயால் சொன்னார். அதிகாரிகள் நல்ல உத்தரவுகளையெல்லாம் வாயால்தான் சொல்வார்கள்.

யார் பார்க்கப் போகிறார் என்றால், தணிக்கை அலுவலர் பார்த்தார். அந்த அம்மா காருக்குள் இருந்த கம்ப்யூட்டரைக் கேட்டார். இன்ஜின் 6,412 முறை நின்றதாக அது சொன்னது. லாக் புக்கில் இருந்ததோ 390. மீதி 6,022 நிறுத்தங்கள் எங்கே போயின என்று கேட்டு நிதானத்துக்கு மெமோ வந்தது. அவர் ஓய்வு பெற அப்போது பத்தொன்பது நாள். விளக்கம் நிலுவையில் இருக்கிற யாரையும் பணியிலிருந்து விடுவிக்க முடியாது. அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் ஏற்கனவே எடுத்து வைத்திருந்தார்.

"விடுங்க" என்று சொன்னதை இணை இயக்குநர் ஒப்புக்கொண்டிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். அவர் அதற்குப் பதிலாக ஓட்டுநர்களின் கருத்தை அறிய ஒரு குழு அமைத்தார். குழுவில் இருந்த மூவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. பாரபட்சம் வந்துவிடக் கூடாதல்லவா? வாகனப் பிரிவு எழுத்தர் என்ற முறையில் நான் குறிப்பெடுக்கப் போனேன்.

ஓட்டுநர் அறையில் ஒரு பெஞ்சும், எப்போதோ கழற்றிய கார் சீட்டும் இருந்தன. குழு பெஞ்சில் உட்கார்ந்தது. கருத்துச் சொல்வதற்காக மற்ற ஓட்டுநர்களையும் புதுக் காரை ஆளுக்கு ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"தானா நிக்கிற இன்ஜின் பத்தி உங்க கருத்து என்ன?"

"மேட்டுல அது நின்னா கூடவே எனக்கும் நின்னுடுது சார்" என்றார் வேன் ஓட்டுநர்.

"எது?"

"நெஞ்சு சார்."

ஜீப் ஓட்டுநருக்கு வேறு மனக்குறை. "ரோட்டுல போட்ட கோட்டைத் தாண்டினா ஸ்டீயரிங் தானா இழுக்குது சார். குழியில விழாம இருக்கத்தான் தாண்டறேன். அது என்னைக் கொண்டுபோய்க் குழியிலயே எறக்குது."

"அப்போ அது விதிப்படிதான் நடக்குது" என்று குழுத் தலைவர் குறித்துக்கொண்டார்.

"முன்சீட்டுல ஃபைல் கட்டு வெச்சா, பெல்ட் போடுன்னு கத்துது சார்" என்றார் இன்னொருவர்.

"போட்டீங்களா?"

"ஃபைலுக்குப் போட்டுட்டேன் சார். பின்னால உக்கார்ற அதிகாரிங்கதான் போட மாட்டேங்கறாங்க."

கடைசியாக நிதானம் எழுந்தார். "ரெண்டு மணி நேரம் ஓட்டினா காபிக் கப் படம் காட்டி, ஓய்வெடுன்னு சொல்லுது சார். இருபத்தொம்பது வருஷத்துல என்னைப் பாத்து அப்படிச் சொன்னது அது ஒண்ணுதான்."

குழு கொண்டுவந்த படிவத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன: மிகவும் திருப்தி, திருப்தி. ஓட்டுநர்கள் நூற்றுக்கு நூறு திருப்தியாக இருப்பதாக அறிக்கை போனது. மெமோ அப்படியே இருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. ராத்திரி தூங்காமல் யோசித்தெல்லாம் இல்லை, மதியச் சாப்பாட்டு இடைவேளையிலேயே தோன்றிவிட்டது. ஒரு குறிப்பு எழுதினேன். "இன்ஜின் தானாக நின்றிருக்கும் நேரத்தில் வாகனம் இயக்கத்தில் இல்லை. இயக்கத்தில் இல்லாத வாகனத்தை ஓட்டுநர் ஓட்டவில்லை. ஓட்டாதவர் ஓட்டுநர் விதியை மீற இயலாது." மெமோ அன்றே கைவிடப்பட்டது. நிதானம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் தணிக்கை அம்மா என் குறிப்பை மிகவும் பாராட்டி எழுதியிருந்தார். ஓட்டுநர் அந்த நேரத்தில் ஓட்டவில்லை என்றால் அவர் பணியிலும் இல்லை. 6,022 நிறுத்தங்கள், சராசரி ஐம்பது விநாடி. ஆகவே ஏறக்குறைய பத்தரை நாள் பணி பாக்கி. கூடவே ஒரு சிறு சந்தேகத்தையும் எழுப்பியிருந்தார். அதிகாரி கூட்டத்தில் இருக்கும்போது கார் வெளியே நிற்கிறதே, அப்போதும் இன்ஜின் அணைந்துதானே இருக்கிறது?

கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். இருபத்தொன்பது வருடத்தில் நிதானம் வேலை பார்த்தது ஏழே வருடம். இன்னும் இருபத்திரண்டு வருடம் பாக்கி.

"எனக்கு அறுபது தம்பி" என்றார் நிதானம். "அப்புறம் எண்பத்திரண்டு. உங்க அண்ணி கிட்ட எப்படிச் சொல்றது?"

நல்லது செய்யப் போய் அந்த மனிதரின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

நீதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் சங்கம் எழுதிக் கேட்டது. நியாயம்தானே என்று மேலிடம் சுற்றறிக்கை அனுப்பியது. இனி யாருக்கும் அவரவர் இயந்திரம் ஓடிய நேரமே பணிக்காலம். என் கம்ப்யூட்டரைச் சோதித்தார்கள். பதினான்கு வருடத்தில் விசைப்பலகை அசைந்தது பதினோரு மாதம். நான் பயிற்சிக் காலத்தையே முடிக்கவில்லை. தணிக்கை அம்மாவுக்குக் கால்குலேட்டர் கணக்கில் ஒன்பது நாள் கிடைத்தது. இணை இயக்குநரின் கம்ப்யூட்டருக்கு மின்சார இணைப்பே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே அவர் இன்னும் பணியிலேயே சேரவில்லை.

பணிமூப்புப் பட்டியலை மறுபடி தயாரித்தோம். ஏழு வருடத்தோடு முதலிடத்தில் நிதானம் இருந்தார். மூத்தவரே பொறுப்பு வகிக்க வேண்டும் என்பது விதி. மாதத்தின் கடைசி நாள் காலையில் அவரை இணை இயக்குநர் நாற்காலியில் உட்கார வைத்தோம்.

நான் சந்தோஷத்தில் ஓடினேன். அவருடைய விடுவிப்பு ஆணையைத் தயாராக எடுத்துப்போய் மேசையில் வைத்தேன்.

"கையெழுத்துப் போடுங்கண்ணே. இப்ப நீங்களே போடலாம். நாளைக்குக் காலையில பஸ்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு முறை படித்தார். நாற்காலியை லேசாகச் சுழற்றிப் பார்த்தார்.

"அந்த மெமோவுக்கு விளக்கம் வந்திருச்சா?"

"நான்தான் குறிப்பு எழுதி முடிச்சேனேண்ணே."

"நீ பயிற்சிக் காலமே முடிக்கலையேப்பா. உன் குறிப்பு எப்படிச் செல்லும்?"

"அது உங்க மெமோண்ணே! அந்த ஓட்டுநரே நீங்கதான்!"

"அதனாலதான் பாத்துச் செய்யணும். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாரு." கோப்பைக் கிடப்பில் போட அதிகாரிகள் எழுதுவதுபோல், ஆணையின் ஓரத்தில் "பேசவும்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அண்ணி பையும் டிக்கெட்டுமாக அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். விடியற்காலையிலேயே அவசர வேலை என்று கிளம்பினவரைத் தேடி வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து எதிர் சிக்னலில் எங்கள் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பழைய இணை இயக்குநர். ஓடும் இன்ஜினில் உட்கார்ந்தால்தானே பணிக்காலம் ஏறும்? அதற்காக அலுவலகமே வரிசையில் நிற்கிறது. பின்சீட்டில், ஜன்னலோரம், நிதானம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இன்ஜின் அணைந்தது. அந்த அமைதியில் அவர் விழித்துக்கொண்டார்.

"ஏன் நின்னுச்சு?"

"தானா நின்னுது சார்."

"எழுதினீங்களா?"

பழைய இணை இயக்குநர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். பச்சை விழுந்தது. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கார் போகும்வரை அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, ஒரு டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ண முடியுமா?"

நான் பதில் சொல்லவில்லை. பயிற்சிக் காலம் முடியாதவர்கள் கருத்துச் சொல்லக் கூடாது.