வானிலை அம்மாவின் முந்தானையும் என் மகளின் முகூர்த்தமும்

நகரி,
ஐப்பசி மாதம், திங்கட்கிழமை.

திருப்பதி கேபிள் சேனலின் செய்தி ஆசிரியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, நகரி பவர்லூம் தெரு உமாபதி பல நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், செய்தி வாசிக்கிறவர்களும், கேமரா பிடிக்கிறவரும் ஏழுமலையான் கிருபையால் சௌக்கியமாக இருக்க வேண்டும். இவ்விடம் நாங்கள் ஓரளவு காய்ந்துவிட்டோம். எனக்குத் தெலுங்கில் பேச வரும், சண்டை போடவும் வரும், எழுத வராது. ஆகையால் தமிழிலேயே எழுதுகிறேன். தங்கள் ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்த புத்தூர்க்காரர் யாராவது கட்டாயம் இருப்பார், அவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கோபமான இடங்களைச் சற்று உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் தங்கள் போன் எப்போது சுற்றினாலும் எங்கேஜ்டு. ஒரே ஒருமுறை கிடைத்தது. எடுத்தவர், நான் வாயைத் திறப்பதற்குள், "அந்தப் புடவை எந்தக் கடை என்று எங்களுக்குத் தெரியாது" என்று தெலுங்கில் சொல்லி வைத்துவிட்டார்.

நான் கேட்க வந்தது கடையை அல்ல. தங்கள் சேனலில் வானிலை சொல்கிற யமுனா அம்மாள் கட்டிய புடவையால் என் ஒரே மகள் பிரீத்தியின் கல்யாணம் தாலி ஏறும் நேரத்தில் நின்றுபோயிற்று. மாப்பிள்ளை கிரண்குமார் சித்தூர்ப் பையன், குவைத்தில் ஏசி மெக்கானிக். லீவு முடிய இன்னும் ஒரு வாரம்தான். இப்போது விமானம் ஏறினால் மறுபடி வர இரண்டு வருஷம். அதற்குள் யார் மனது எப்படி மாறுமோ யாருக்குத் தெரியும்? மிச்சம் இருப்பது வருகிற வியாழக்கிழமை முகூர்த்தம் ஒன்றுதான். பெண்ணைப் பெற்றவனுக்கு வயிற்றில் நெருப்பு என்பார்கள். என் நெருப்பைத் தங்கள் சேனல் மழையில் நனைத்து, அதுவும் அணையாமல் புகைந்துகொண்டிருக்கிறது.

எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தறி ஓடாத வீடு இங்கே கிடையாது. விடிந்தால் ஆரம்பிக்கிற சத்தம் கரண்ட் போனால்தான் நிற்கும். இந்தச் சத்தத்தில் வளர்ந்ததால் எங்கள் எல்லாருக்கும் காது பாதிதான் வேலை செய்யும். பெண்டாட்டி திட்டுவதே பாதிதான் விழும், அதனால்தான் குடும்பங்கள் ஓடுகின்றன. ரேடியோ வாங்கியவர்கள் எல்லாரும் அதன்மேல் ஊதுவத்தி ஸ்டாண்டு வைத்துவிட்டார்கள். டி.வி. வந்தபோது நாங்கள் அதைப் பார்க்கிற சாமானாகத்தான் வாங்கினோம். அதற்குக் காது கொடுக்க வேண்டும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை.

வெளியூர்ப் புடவைகள் லாரி லாரியாக வந்து இறங்கத் தொடங்கிய பிறகு, தினம் ஒரு புது டிசைன் போட்டால்தான் எங்கள் சரக்கு கடை ஏறும் என்றாகிவிட்டது. புது டிசைனுக்கு நாங்கள் எங்கே போவோம்? தங்கள் செய்திக்குத்தான் வந்தோம். தறிக்கு டிசைன் அட்டை குத்துகிற நாகேந்திரன் கட்டம் போட்ட நோட்டும் பென்சிலுமாக எங்கள் வீட்டு டி.வி. முன்னால் உட்காருவான், தெருவே அவன் பின்னால் உட்காரும். ஆனால் செய்தி வாசிக்கிற அம்மா உட்கார்ந்தல்லவா வாசிக்கிறார்? தோளில் ஒரு சாண் கரை தெரியும், அவ்வளவுதான். மேசைக்குக் கீழே என்ன கரை என்ற கேள்வியில் தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்து, சம்பந்தம் பேசியிருந்த இரண்டு வீடுகள் பேச்சையே நிறுத்திக்கொண்டன. நடுவில் கோட்டுப் போட்ட ஒருவர் வருவார். கவர்ன்மெண்டே கவிழ்ந்தாலும் அதை அவர் வாயால் சொன்னால் எங்கள் தெருவுக்குத் தெரியாது. அவர் வருகிற நேரத்தில்தான் எல்லாரும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்போம்.

அப்படித் தவித்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெய்வம் போல வந்தவர் யமுனா அம்மாள். அவர் நிற்கிறார்! தலை முதல் கால் வரை புடவையின் உடல், கரை, கொசுவம் எல்லாம் தெரிய நிற்கிறார். முந்தானை ஒன்றுதான் சிக்கல். அவர் வரைபடத்தில் மேலே நெல்லூர்ப் பக்கம் கை நீட்டினால்தான் முந்தானை முழுசாக விரியும், மெட்ராஸ் பக்கம் குனிந்தால் மறைந்துவிடும். ஆகையால், கடலில் புயல் சின்னம் உண்டானால் அது நெல்லூர்ப் பக்கம் போகட்டும் என்று எங்கள் தெருப் பெண்கள் கங்கையம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். நெல்லூர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும். அவர்கள்மேல் எங்களுக்கு எந்தப் பகையும் இல்லை.

அந்த அம்மாளை எங்கள் தெரு எப்படிக் கவனித்துக்கொண்டது என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரே புடவையை ஒரே மாதத்தில் இரண்டாம் முறை கட்டி வந்தார் என்று என் சம்சாரம் ரத்னம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "சம்பளம் ஒழுங்கா குட்றாங்களோ இல்லியோ, பாவம்" என்று அவளுக்குத் துக்கம். இன்னொரு நாள் அந்த அம்மாள் சுடிதாரில் வந்தார். பக்கத்து வீட்டு மணியம்மா "ஐயய்யோ!" என்று போட்ட கூச்சலில் தறிகள் நின்றன. யாரோ செத்துப்போனார்கள் என்று நான்கு வீட்டார் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அன்றைக்குப் புத்தூர் ரோட்டில் பாலம் உடைந்து பஸ் எல்லாம் சுற்றிப் போவதாகத் தங்கள் சேனல் சொன்னதாம். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் நின்ற பிறகுதான் எங்களுக்கு அது தெரிந்தது.

பிரீத்தி கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் மண்டபத்துக்குள் தெருவை எப்படிக் காட்டுவது? தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, பெண் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் யமுனா அம்மாள் கடைசியாகக் கட்டிய புடவையையே, என் தறியில் நெய்து, ஒரே மாதிரி கட்டி நிற்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அந்த அம்மாள் கிளிப்பச்சை உடலும் அரக்குக் கரையுமாக ஒன்று கட்டினார் பாருங்கள், நாகேந்திரன் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்துவிட்டது. தெரு மொத்தமும் என் தறியோடு சேர்ந்து நூலுக்குச் சாயம் போட்டு, அரைகுறையாக உலர்த்தி, அதை நெய்து, தைரியமாக மடித்து வைத்தோம். அந்த அம்மாளும் கல்யாணத்துக்கு முந்திய மூன்று இரவும் கடலில் ஒரு சக்கரத்தை வரைந்து காட்டிக்கொண்டுதான் இருந்தார். முதல் நாள் அதே கிளிப்பச்சையில் வந்தார், நாங்கள் கரை சரிதானா என்று ஒத்துப் பார்த்தோம். இரண்டாம் நாள் முந்தானை விரிந்தது, தெருவே கைதட்டியது. மூன்றாம் நாள் அந்த அம்மாள் விரலைக் கொண்டுவந்து சரியாக நகரி மேலேயே வைத்தார். "அண்ணே, வளையலப் பாத்தீங்களா!" என்றான் நாகேந்திரன். நல்ல வளையல்தான்.

அன்று இரவே சித்தூரிலிருந்து சம்பந்தி நாகபூஷணம் போன் செய்தார்.

"டி.வி.ல யமுனாம்மா சொன்னத பாத்தீங்களா சம்பந்தி?"

"பாக்காம இன்னா? மூணு நாளா பாத்துக்கினுதான் இருக்கோம்!"

"எல்லாம் ரெடி பண்ணிட்டீங்களா?"

"தெருவே ரெடியா இருக்குது. நீங்க வந்து பாருங்க, அசந்துபூடுவீங்க."

அவர் மழைக்குக் கேட்டிருக்கிறார். நான் புடவைக்குச் சொல்லியிருக்கிறேன். இருவரும் சந்தோஷமாகப் போனை வைத்தோம்.

மறுநாள் காலை, ஐயர் மாங்கல்யத்தைத் தட்டில் வைத்துச் சுற்றுக்கு அனுப்பிய நேரம் பார்த்து, வானம் பொத்துக்கொண்டது. பந்தல் முதலில் வயிறு தொங்கியது, பிறகு வயிறு உடைந்தது. ஓமகுண்டம் போயிற்று, சாம்பார் இரண்டு மடங்காயிற்று, தாலித் தட்டைக் கையில் வைத்திருந்த ரங்கையா மாமா அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். இரண்டு வீட்டாரும் என் தறிக் கொட்டகைக்குள் புகுந்தோம். எள் போட்டால் எள் விழாத கூட்டம். அங்கேதான் புடவைகள் தங்கள் வேலையைக் காட்டின. கிளிப்பச்சை சாயம் பெண் வீட்டாரை விட்டு இறங்கி, வெள்ளை வேட்டி கட்டிய பிள்ளை வீட்டாரிடம் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை பையனின் பட்டு வேட்டி இடுப்புவரை பச்சை. சம்பந்தியம்மாள் கங்கம்மா, எல்லாப் பெண்களும் ஒரே புடவையில் இருந்ததால் ரத்னம்மா என்று நினைத்து மணியம்மாவைப் பிடித்துக்கொண்டு திட்டித் தீர்த்துவிட்டார். மணியம்மாவும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னாள். சம்பந்தியின் வெள்ளைச் சட்டை தங்கள் சேனல் வரைபடம் மாதிரியே இருந்தது, நெல்லூர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அரக்கு. முகூர்த்தம் போய்விட்டது என்று ஐயர் சொல்லிவிட்டார். என் மகள் கூறைப்புடவை சொட்டச் சொட்டத் தறிமேல் சாய்ந்து அழுதுகொண்டே கேட்டாள்.

"நைனா, மாமா சொல்றாரு, அந்தம்மா மூணு நாளா தொண்ட கிழிய சொன்னாங்களாமே. இத்தினி பேர் குந்திக்கினு பாத்தீங்களே, ஒருத்தராச்சும் இன்னா சொல்றாங்கன்னு கேட்டீங்களா?"

ஐயா, பெற்ற மகள் முன்னால் அப்படித் தலைகுனிந்து நின்றது எனக்கு இதுதான் முதல் தடவை.

சம்பந்தி அத்தோடு விட்டாரா? வேறு நல்ல வரன் வந்திருக்கிறது, அதனால் நான் மழை தெரிந்தும் வேண்டுமென்றே கல்யாணத்தைக் கெடுத்தேன் என்றார். "கேக்கலன்னா கேக்கலன்னு காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணு. அங்க பொய் சொல்லிட்டு எவனும் நல்லா வாழ்ந்ததில்ல" என்றார். போனேன். குளத்தில் முழுகி ஈரத்துணியோடு வரசித்தி விநாயகர் எதிரில் நின்று, "மூன்று நாள் டி.வி. எதிரில் உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை, எல்லாம் கண்ணோடு போயிற்று" என்று சத்தியம் செய்தேன். பக்கத்தில் வேறு எதற்கோ சத்தியம் செய்ய வந்திருந்தவர், இப்படியும் ஒன்று உண்டா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

சம்பந்தி மனம் இறங்கினார். திரும்பும்போது பஸ்ஸில் நான் மெல்லக் கேட்டேன், "ஊரெல்லாம் கோட்ட விட்டுச்சே, நீங்க மட்டும் எப்பிடி சம்பந்தி மழைன்னு தெரிஞ்சிக்கினீங்க?"

"எங்க வூட்டு டி.வி.ல படம் போயி ரெண்டு வருஷம் ஆவுது. பையன் வந்து பாப்பான்னு வுட்டுட்டேன். சத்தம் மட்டும்தான் வரும். சும்மா கேட்டுக்கினு இருப்பேன்" என்றார்.

ஆசிரியர் ஐயா, இந்தச் சித்தூர் ஜில்லா முழுவதிலும் தங்கள் செய்தியைக் கேட்ட மனிதர் அவர் ஒருவர்தான் என்று நான் தைரியமாகச் சொல்வேன். அவர் சொன்ன பிறகுதான், யமுனா அம்மாள் எங்கள் ஊர்மேல் விரல் வைத்து "பாரீ வர்ஷாலு குருஸ்தாயி", கனமழை கொட்டும் என்று சொன்னதே எனக்குத் தெரியும். ஆகையால் வியாழக்கிழமைக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். மண்டபங்களில் இடமில்லை. மழை இல்லையென்றால் தெருப்பந்தல், ஊருக்கே சோறு. மழை என்றால் காணிப்பாக்கம் கோயிலில் தாலி மட்டும். எது என்று புதன்கிழமைக்குள் நான் சொல்லியாக வேண்டும். "இன்னொரு தபா என் புள்ளய நனைச்சீன்னா, அவன் ஈரத்தோட குவைத்துக்குப் பூடுவான்" என்று சம்பந்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எனவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது, ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதமும் யமுனா அம்மாள் கரையில்லாத வெள்ளைப் புடவையில்தான் வர வேண்டும். வளையல் கூடாது. அவருக்குச் சம்மதமில்லை என்றால் அந்தக் கோட்டுக்காரரே வானிலையையும் சொல்லட்டும், தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து கேட்கிறோம். இனி எங்கள் தெருவில் ஒருவரும் தங்கள் சேனலில் புடவை பார்ப்பதில்லை என்று தறிமேல் அடித்து முடிவு செய்திருக்கிறோம்.

தங்கள் குடும்பத்தில் நடக்கிற எந்தச் சுபகாரியத்திலும் ஒரு சொட்டு மழை விழாமல், தீபம் அணையாமல், சாயம் போகாமல் எல்லாம் சிறக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிற,

தங்கள் விசுவாசமுள்ள,
உமாபதி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இன்று ராத்திரி வானிலையைக் கேட்டுவிடலாம் என்று தெருவில் எல்லாத் தறியையும் நிறுத்தினோம். குழந்தைகளை அடக்கி, சத்தத்தை முழுசாக வைத்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தோம். யமுனா அம்மாள் வந்தார். வெங்காயத் தோல் நிறத்தில் உடல், கோபுரக் கரை, முந்தானையில் ஏதோ பறவை. வியாழக்கிழமை பற்றித்தான் விளக்கமாகச் சொன்னார் என்று நினைக்கிறேன், விரல் நகரி மேல்தான் வெகுநேரம் இருந்தது. முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிரீத்தியாவது கேட்டிருப்பாள் என்று அவளைப் பார்த்தேன். "நைனா, அது மயிலா, அன்னமா?" என்றாள். ஆகையால் வெள்ளைப் புடவை பற்றி மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். நாளை அந்த அம்மாள் அதே புடவையில் வந்து நெல்லூர்ப் பக்கம் ஒருமுறை கை நீட்டினால் போதும். இந்தக் கடிதத்தைத் திருப்பதி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை மழை உண்டா இல்லையா என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி அவரிடமே கொடுத்துவிட்டால் கோடிப் புண்ணியம். சம்பந்தியைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். உடனே போன் போட்டேன். "யமுனாம்மா வியாழக்கெழமைக்கு இன்னா சொன்னாங்க சம்பந்தி?" என்று கேட்டேன். கிரண்குமார் நேற்றுத்தான் சித்தூரில் புதுக் கலர் டி.வி. வாங்கி மாட்டினானாம். சம்பந்தி சொன்னார், "அன்னம்தான் சம்பந்தி. மயிலுன்னா கொண்ட இருக்கும்."