கஞ்சிக் கரண்டியால் எழுபது பேரை வீழ்த்தியவர்

அந்தக் கால அயர்லாந்தில் மடத்துக்கு மடம் இப்படி ஒரு துறவி இருந்தார். நடந்ததை ஆண்டுவாரியாக எழுதி வையும் என்றால், நடந்ததை மட்டும் எழுதக் கை கூசும் ரகம். வைக்கிங் கடற்கொள்ளையர் படகு ஒன்று வந்தால் பத்து என்பார்; பத்து வந்தால் தண்ணீரே தெரியவில்லை என்பார். ஒன்றுமே வராவிட்டால்? தம் பெயரைக் கேட்டு நடுங்கித் திரும்பிவிட்டார்கள் என்பார்.

ஷானன் ஆற்றங்கரை மடத்துத் துன்காத் சாமியையே பாருங்கள். ஒருநாள் மூன்று வைக்கிங்குகள் வந்து, ஒரு பன்றியையும் கோயில் வெள்ளிக் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். சாமி அப்போது முட்டைக்கோஸ் பாத்தியில் குப்புறக் கிடந்தார். ஏட்டில் ஏறியதோ வேறு: "நூற்றிருபது கப்பல்கள் வந்தன. வானம் இரத்தம் பொழிந்தது. துன்காத் என்னும் துறவி, கஞ்சிக் கரண்டி ஒன்றை மட்டும் ஏந்தி, எழுபது பேரை வீழ்த்தினார்."

"வந்ததே மூணு பேருதானே சாமி?" என்றார் மடத்துச் சமையற்காரர் சுவிப்னே.

"மூணுன்னு எழுதினா எவன்யா படிப்பான்?"

அந்தப் பகுதி அரசர் விருந்துக்கு வந்தபோது சாமியே அதைக் குரல் நடுங்க வாசித்தார். அரசருக்கு ஒரே மகிழ்ச்சி. "இப்படிப்பட்ட வீரர் இருக்கிற எடத்துக்குக் காவல் எதுக்கு?" என்று, மடத்தைக் காத்து நின்ற பன்னிரண்டு ஈட்டிக்காரர்களையும் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். மடமே துன்காத்தை முறைத்தது. அவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். இரண்டு வாரம்.

மூன்றாவது வாரம் ஆற்றில் பாய்மரம் தெரிந்தது. எல்லோரும், வாசலே ஆளுயரத்துக்கு மேல் இருந்த கல்கோபுரத்துக்குள் ஏறி, ஏணியை மேலே இழுத்துக்கொண்டார்கள். ஏட்டை எடுக்கப் போன துன்காத் கடைசியாக வந்து சேர்ந்தார்.

"ஏணிய எறக்குங்கய்யா!"

"எட்டே பேருதான் வர்றாங்க," என்றார் மேலிருந்து மடத்துத் தலைவர் ஃபெய்லான். "எழுபது பேரச் சாச்ச ஆளுக்கு எட்டு எம்மாத்திரம்?"

"எழுத்துல கொஞ்சம் கூடிப்போச்சு சாமி!"

"எவ்வளவு கூடிப்போச்சு?"

"எழுபது!"

மேலிருந்து சுவிப்னே ஒரு கரண்டியைப் போட்டார். "இந்தாங்க, சும்மா நிக்காதீங்க."

கரண்டியைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார் துன்காத். முன்னால் வந்த செந்தாடிக்காரன் அவர் தோளைத் தட்டினான்.

"பெரியவரே, சீப்பு விக்கப் போற ஆளுங்க நாங்க. படகு ஒழுகுது. கொஞ்சம் தார் கெடைக்குமா?"

தார் கொடுத்தார். கஞ்சி ஊற்றினார். கேட்காமலே தம் செருப்பையும் கழற்றிக் கொடுத்தார். அவர்கள் நெகிழ்ந்துபோய், முன்தலை மழித்த அந்த மனிதருக்கு ஒரு மான்கொம்புச் சீப்பைப் பரிசளித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாளே ஃபெய்லான், துன்காத்தை வெறுங்காலோடு அரசரிடம் இழுத்துப்போனார். துன்காத் அழுதேவிட்டார். "நான் யாரையும் கொல்லல அரசே! அது பூரா பொய். காவல்காரங்களத் திருப்பி அனுப்புங்க!"

அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. "எது பொய்? எழுநூறு பேரு செத்து விழுந்தத நானே பக்கத்துல நின்னு பாத்தேனே!"

காவல் திரும்பவே இல்லை.

சிரிக்கிறீர்களா? சரி. இதை வீட்டில் போய்ச் சொல்லும்போது, படகில் வந்தவர்கள் எட்டுப் பேர் என்றே சொல்லுங்கள். பார்க்கலாம்.