அத்தை போட்ட டீக்கு ஒரு கிரயப் பத்திரம்

ஒருவர் தாம் உயிரோடிருக்கும்போதே, சுயபுத்தியோடு, தம் சொத்தைத் தமக்குப் பிடித்தவருக்குத் தானமாகக் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். அலுவலகத்துக்குள் நுழையும்போதுதான், குடையை வாசலில் சாய்த்து வைப்பதுபோல மூளையையும் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வருகிறது.

எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு வீடு, இரண்டு மகன்கள், ஒரு தங்கை. மகன்கள் இருப்பது விமானம் ஏறிப் போகிற தூரத்தில். தங்கை, அதாவது என் அத்தை, இருப்பது அடுப்புக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவில். உப்பு குறைத்துச் சமைப்பது முதல் அவர் கால் நகம் வெட்டுவது வரை எல்லாம் அத்தைதான். பெரியப்பா கண்ணை மூடினால் வீடு மகன்களுக்குப் போகும். அவர்கள் இப்போதே ஃபோனில், "அந்தச் சமையலறைச் சுவரை இடிச்சிட்டா கார் நிறுத்தலாம்பா" என்கிறார்கள். (மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கவும். ஃபோனில் அப்படித்தான் கேட்கும்.) அத்தை படுப்பது அந்தச் சுவரோரம்தான்.

ஆகவே வீட்டை அத்தைக்கே எழுதிவைக்கப் பெரியப்பா பத்திர ஆபீசுக்குக் கிளம்பினார். சாட்சிக்கு அம்மா, கைத்தாங்கலுக்கு நான்.

பதிவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். (இந்தக் குரலுக்கு வாளிக்குள் தலையை விட்டுப் பேசவும்.)

"'அன்பினாலும் பிரியத்தினாலும், யாதொரு பிரதிபலனும் பெறாமல் தானமளிக்கிறேன்.' சரி. அன்பு இருக்கா?"

"இருக்கு சார்."

"காட்டுங்க."

அன்பைக் காட்டிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. அண்ணனும் தங்கையும் திருதிருவென்று விழித்தார்கள். கடைசியில் அத்தை, "பட்டனைக்கூட மாத்திப் போட்டுட்டு வந்திருக்கீங்க, சின்னப் பிள்ளையா நீங்க?" என்று அதட்டி, அண்ணன் சட்டையைச் சரிசெய்தாள்.

"அன்பு, உண்டு" என்று பதிவாளர் டிக் போட்டார். "அடுத்தது பிரதிபலன். பதிலுக்கு இவங்ககிட்ட எதுவும் வாங்கலியே?"

"அவகிட்ட என்ன சார் இருக்கு? காலையில அவ போடற டீயைக் குடிச்சாத்தான் எனக்கு விடியும், அவ்வளவுதான்."

பேனா நின்றது.

"டீயா? சாப்பாடு?"

"அதுவும் அவதான்."

"ஐயா, இது தானமில்ல. கூலி."

அம்மா பொறுக்காமல், "என்ன சார் இது? ஒண்ணும் செய்யலேன்னா அன்பில்லைங்கறீங்க. செஞ்சா தானமில்லைங்கறீங்க!" என்றாள்.

"விதி தெளிவா இருக்கும்மா. அன்பு இருக்கணும். அதனால யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இருந்திருக்கக் கூடாது."

"அப்போ அந்த ரெண்டு பிள்ளைங்க? நல்லாருக்கியான்னு அப்பாவைக் கேட்டே வருஷமாச்சு!"

"அவங்க வாரிசும்மா. வாரிசுக்கு அன்பெல்லாம் தேவையில்ல. பொறந்தா போதும்."

பெரியப்பா கைத்தடியைத் தரையில் தட்டினார். "கூலின்னா கூலின்னே எழுதுங்க. வீட்டை அவளுக்கு வித்துட்டேன். அவ செஞ்ச வேலைதான் விலை."

கிரயம் என்றதும் பதிவாளர் முகம் மலர்ந்தது. அதற்கு வரி அதிகம். ஹோட்டல் ரேட், நர்ஸ் ரேட் எல்லாம் வரவழைத்துக் கூட்ட ஆரம்பித்தார்.

"உப்பில்லாச் சமையலா? அது மருத்துவ உணவு, தனி ரேட். ராத்திரி இருமினா எழுந்து வருவாங்களா? இரவுப் பணி, இரட்டைச் சம்பளம்."

கொஞ்ச நேரத்தில் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, வீடு தீர்ந்துபோச்சு. இன்னும் துணி துவைச்சதுக்கே வரல."

"மீதிக்கு?" என்றார் பெரியப்பா கலவரமாக.

"மீதிக்கு உங்களையே ஜப்தி பண்ணணும்."

"பண்ணிக் கொடுங்க" என்றாள் அத்தை. "எப்படியும் நான்தானே பாத்துக்கணும்."

வீடும், பாக்கிக்கு ஈடாக அண்ணனும், முறைப்படி அத்தை பெயருக்குப் பதிவாயின. சுவர் பிழைத்தது.

மறுநாள் பத்திரத்தை வாங்கிவரப் போனேன். ஆபீஸ் வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. எல்லாம் பெண்கள். முதல் ஆளாக டிபன் கேரியரோடு நின்றவரைப் பார்த்துப் பதிவாளர், "சாப்பாட்டைக் கொடுத்துட்டுக் கிளம்பு, வேலை கெடக்கு" என்றார்.

"கொடுக்கறேங்க" என்றார் அவர் மனைவி. "முதல்ல இதையும் கணக்குல எழுதுங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வாளிக் குரலில், "அம்மணி, இது தானமில்ல, கூலி!" என்று சொல்லியும் காட்டினேன். வரிசையே சிரித்தது.

அப்போது வரிசையின் வாலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. (இந்தக் குரலை மட்டும் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

"அங்க என்ன இளிப்பு? என் மனுவுல எதிர்க்கட்சியே நீதான். வீட்டுக்குப் போய் காலையில குடிச்ச டம்ளரைக் கழுவு!"