கழுத்துக்குப் போகும் வழியில் ஒரு தலை

நான் கெடுத்த பொருள்களுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு மனிதனின் தலையைக் கம்பளிக்குள் சிக்கவைத்துவிட்டு, அவனை வழியனுப்ப வந்த பதினெட்டுப் பேர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றது ஒரே ஒரு முறைதான். அந்தக் கம்பளியைப் பின்னியதும் நான்தான்.

மதுரையில் இருப்பவனுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்பீர்கள். (உல்லன் நூல் விற்ற கடைக்காரரும் அதையேதான் கேட்டார்.) நான் சிகரெட்டை விட்டிருந்தேன். வாய் அடங்கிவிட்டது, கை அடங்கவில்லை. பேனா மூடியைத் திருகும், மிக்ஸி பொத்தானைத் திருகும், எதையாவது திருகிக்கொண்டே இருக்கும். ஒருநாள் என் மனைவி சுதா பொறுமை இழந்தாள்.

"என்னங்க, கேஸ் ரெகுலேட்டரை இம்புட்டுத் தடவை திருகுனா அது ஒருநாள் கையோட வந்துரும். இந்தாங்க, இதைப் பிடிங்க."

அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வைத்திருந்த குரோஷா ஊசி. நுனியில் சின்னக் கொக்கி. அந்தக் கொக்கியால் நூலை இழுத்து இழுத்துக் கண்ணி போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கைப்பேசி வீடியோவில் ஒரு அம்மாள் சொல்லிக்கொடுத்தார். குளிருக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு வளையம். முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு இதைவிட எளிது எதுவும் கிடையாது. ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்றார். நீளமாக ஒரு பட்டை பின்னி, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிட்டால் வளையம் தயார்.

எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

யாருக்குப் பின்னுவது என்பதில் மட்டும் குழப்பமே இல்லை. சுதாவின் தம்பி பிரபு மேல்படிப்புக்குக் கனடா போகவிருந்தான். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவன் என்னிடம் பேசியது இரண்டே வாக்கியம்: "வாங்க மாமா." "சாப்பிட்டீங்களா மாமா?" அதற்கு மேல் பேசாததற்கு நியாயம் இருந்தது. கல்யாணப் பந்தியில் வெள்ளைச் சட்டையோடு என் இலைப் பக்கம் வந்தவனை, பரிமாறுகிற ஆள் என்று நினைத்து, "தம்பி, சாம்பார் கொஞ்சம் கெட்டியா ஊத்துப்பா" என்று சொல்லிவிட்டேன். மணப்பெண்ணின் ஒரே தம்பி. அவன் நண்பர்கள் எட்டுப் பேர் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் போய் வாளியைக் கொண்டுவந்து ஊற்றினான். கெட்டியாகத்தான் ஊற்றினான். அந்தச் சாம்பாரை மூன்று வருடமாக என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் கையால் ஒன்று பின்னிக் கொடுத்தால் அது கொஞ்சம் கரையும் என்று நம்பினேன்.

முதல் பட்டையை முப்பது கண்ணியில் ஆரம்பித்தேன். பத்து வரிசை போனதும் இருபத்திரண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறேன் என்று சுதா கண்டுபிடித்துச் சொல்வதற்குள், பட்டை பஜ்ஜிக்கு வெட்டிய மிளகாய் மாதிரி கூம்பிப் போயிருந்தது. பிரித்தேன். மறுபடி பின்னினேன். நாலு தடவை பிரித்ததில் நூலே நொந்து நூலாகிவிட்டது. ஐந்தாவது தடவை பட்டை நேராக வந்தது. அன்று நான் இருந்த இருப்பைப் பார்த்திருந்தால் மீனாட்சியம்மன் கோவில் கோபுரத்தை நான்தான் கட்டினேன் என்று நினைத்திருப்பீர்கள்.

அளவிலும் ரொம்பக் கவனமாக இருந்தேன். அலங்காநல்லூரில் மாமனார் வீட்டுக் கொடியில் பிரபுவின் சட்டை காய்ந்துகொண்டிருந்தபோது, யாருக்கும் தெரியாமல் காலரை அளந்துகொண்டேன். பதினைந்து அங்குலம். மூச்சுவிட வேண்டுமே என்று இன்னும் ஓர் அங்குலம் சேர்த்தேன். கழுத்து வளையம்தானே, கழுத்தை அளந்தேன். கழுத்துக்குப் போகும் வழியில் ஒரு தலை இருக்கிறது என்பது எனக்குக் கடைசிவரை தோன்றவேயில்லை.

கிளம்பும் நாள் வந்தது. அலங்காநல்லூரிலிருந்து மாமனார் ஒரு வேன் பிடித்து உறவு மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தார். நானும் சுதாவும் கோரிப்பாளையத்தில் ஏறிக்கொண்டோம். முனைகளைச் சேர்த்துத் தைக்கிற வேலை பாக்கி இருந்தது. சிக்னலில் வேன் நின்ற நேரத்தில் தைத்து முடித்தேன். அவிழ்ந்துவிடக் கூடாதே என்று முடிச்சு மேல் முடிச்சாகப் பதினொன்று போட்டேன். அதுவும் போதாதென்று, சிகரெட்டை விட்டாலும் விடாமல் வைத்திருந்த லைட்டரால், நைலான் கயிற்று நுனியைச் சுடுவதுபோல முடிச்சை லேசாகச் சுட்டேன். பேருக்குத்தான் உல்லன், நைலான் கலப்பு போல; அது உருகிக் கல்லாகிவிட்டது. எனக்குப் பரம திருப்தி.

விமான நிலைய வாசலில், நடுப்பகல் வெயிலில், அதை எடுத்து நீட்டினேன். பிரபு திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீங்களா மாமா பின்னுனீங்க?"

மூன்று வருடத்தில் மூன்றாவது வாக்கியம்!

"போட்டுக் காட்டுப்பா, ஒரு போட்டோ எடுப்போம்" என்றார் மாமனார்.

தலையில் மாட்டினான். நெற்றியில் நின்றது. "புதுசு, அப்பிடித்தான் இருக்கும். இழு, இழு" என்றது கூட்டம். நானும் ஒரு கை கொடுத்தேன். மூக்குவரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. மேலே இழுத்தால், "ஆ! காது! காது!" என்று அலறினான். இடது காதில் அவன் போட்டிருந்த கடுக்கன் என் கண்ணி ஒன்றுக்குள் நன்றாக மாட்டியிருந்தது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கண், காது, மூக்கு எல்லாம் கம்பளிக்குள். வாய் மட்டும் வெளியே.

"கத்திரி இருக்கா?" என்றார் யாரோ.

"யாருய்யா அது? பிள்ளை ஊருக்குக் கிளம்புற நேரத்துல தலையில கத்திரி வைக்கவா?" என்று மாமியார் பாய்ந்தார். "ஒருத்தனும் வெட்டக் கூடாது!"

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நகம்தான் உடைந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. விமான நிலைய வாசலில் முகம் மூடிய ஓர் ஆள், அவனைச் சுற்றிப் பதினெட்டுப் பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். காவல் படைக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? துப்பாக்கியோடு ஒரு பெண் வேகமாக வந்தார். வடக்கே ஏதோ மலையூர்க்காரர் போல.

"க்யா ஹை? என்ன இது? முகம் காட்டு!"

"அதுக்குத்தாங்க எல்லாரும் பாடுபடுறோம்" என்றேன்.

அப்போது என் சட்டையை ஒரு கை தடவிப் பிடித்தது. "மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

"போயிராதீங்க."

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். ஃப்ளைட் போய்விடும் என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் கம்பளியைத் தொட்டுப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. "யார் செய்தது?"

எல்லாரும் என்னைக் காட்டினார்கள். (இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்குள் அபார ஒற்றுமை.)

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தலை எப்படிப் போகும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஐந்து வாரத்தில் ஒரு மனிதர்கூட என்னிடம் கேட்கவில்லை.

சுதாவின் கைப்பையிலிருந்து நகவெட்டியை வாங்கினார். மாமியார் வாயைத் திறப்பதற்குள், "வெட்டல, அம்மா. தையல் மட்டும்" என்றார். தையலில் ஒரே ஒரு இழையை நறுக்கி, விரலால் விறுவிறுவென்று உருவினார். வளையம் புத்தகம்போல விரிந்தது. கடுக்கனையும் நோகாமல் கழற்றிவிட்டார். அதோடு விட்டிருந்தாலே கும்பிட்டிருப்பேன். மாமியாரின் வளையலில் தொங்கிய ஊக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, விரிந்த பட்டையைப் பிரபுவின் கழுத்தில் சுற்றி, முன்னால் குத்திவிட்டார். அசல் கடையில் வாங்கியது மாதிரி உட்கார்ந்தது.

"அடுத்த தடவை பட்டன் வை" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நன்றி சொல்ல ஓடினேன். அதற்குள் அடுத்தவரின் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேர்கூடத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

திரும்பி வந்து பார்த்தேன். பிரபுவின் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கம்பளி குத்திருச்சும்மா" என்று அவன் அம்மாவிடம் சொன்னான். என்னைத் தனியாக இழுத்து, காதோரம் குனிந்தான். "மாமா, காலையில இருந்து அழுகையை அடக்கிட்டு வந்தேன். அம்மா பார்த்தா தாங்க மாட்டாங்க. உள்ள இருக்கப்ப நல்லா அழுதுட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. தேங்க்ஸ் மாமா."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன். என்னிடம்தான் அப்போது மாட்டிக்கொள்ள வளையம் இல்லை.

இப்போது மாமனார் வீட்டில் பீரோ வாங்கினாலும் சரி, ஃபிரிட்ஜ் வாங்கினாலும் சரி, "தலையைப் பார்த்துக்கிட்டீங்களா மாப்ள?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பிரபு இரண்டு தடவை விடுமுறைக்கு வந்து போய்விட்டான். என்னோடுதான் ஊர் சுற்றினான். இரண்டு தடவையும் திரும்பிப் போகும்போது, பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, விமான நிலைய வாசலில் நின்று சத்தமாகக் கேட்டான்:

"மாமா, மூஞ்சியை மூட ஏதாச்சும் கொண்டுவந்தீங்களா?"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பின் மறைவில் நான் என் கைக்குட்டையை அவன் கையில் திணித்தேன்.