செகண்ட் ஃப்ளோர் அண்ணனின் காலி மாடி

மதுரையில் காற்றைக் குத்தகைக்கு எடுத்து, அதற்குக் காவலும் இருந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘செகண்ட் ஃப்ளோர்’ அண்ணன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசாக ஒரு காம்ப்ளக்ஸ் எழும்பியது. கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேலே வீடுகள் என்று திட்டம். கடைகள் வந்துவிட்டன, அதில் ஒன்று என் கூரியர் ஆபீஸ். வீடுகளும் நிரம்பிவிட்டன. நடுமாடியான செகண்ட் ஃப்ளோர் மட்டும் ஈயாடியது. அதை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, அறை அறையாக ஆபீஸ்களுக்கு விடக் கிளம்பியவர் நம்மாள். தை பிறப்பதற்குள் ஓர் ஆபீஸாவது வராவிட்டால், மச்சானின் ஜவுளிக்கடைக்கே திரும்பிப் போய்த் துணி மடிப்பதாகக் குடும்பத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த மச்சானோ, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அவரை விரல் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்.

ஆளில்லாத மாடிக்கு அண்ணன் தினமும் சட்டையை டக்-இன் செய்துகொண்டு வருவார். எல்லா அறையிலும் ஃபேனை ஓடவிடுவார். மழை நாளில் மேல்வீட்டுக்காரர்கள் அந்தக் காற்றில் ஈரத்துணி காயப்போட வந்தால், ஆபீஸ் நேரத்தில் இதென்ன கூத்து என்று விரட்டுவார்.

இடம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: வேறு யார் யார் இருக்கிறார்கள்? முதல் ஆளாக நுழைய ஒருவருக்கும் தைரியமில்லை. கூட்டமில்லாத கடையில் பரோட்டாகூடச் சாப்பிடாத ஊர் இது. அண்ணன் யோசித்தார். பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவரிடமிருந்து பழைய செருப்புகளைச் சாக்கில் அள்ளிவந்து, மூடிய கதவுகளுக்கு முன்னால் கலைத்துப் போட்டார். உள்ளே ஆள் நிரம்பி வழிகிற மாதிரி இல்லையா என்று என்னைக் கேட்டார். இருக்கத்தான் செய்தது.

திருநகரிலிருந்து ஓர் ஆடிட்டர் வந்தார். வாசல் நிறையச் செருப்பு. உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. மனிதர் முகம் தொங்கிவிட்டது. தன் செருப்பையும் ஓரமாகக் கழற்றிவிட்டு, அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“பெரியவருக்கு என்ன வயசுண்ணே?”

“எந்தப் பெரியவரு?”

“மனச விட்றாதீங்க. எல்லாரும் ஒருநா போறதுதான்.”

செருப்புக்கு ஆளில்லை என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதே, ஆடிட்டரும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு புரோக்கர்கள்கூட அந்தப் படியேறவில்லை. நான் ஒரு வாரம் சிரித்தேன், அவர் இல்லாத இடமாகப் பார்த்து.

மார்கழிக் கடைசியில் மச்சானே வந்துவிட்டார். அன்று நானும் மேலேதான் இருந்தேன். வாசலில் நின்றபடியே விரலைச் சொடுக்கினார்.

“ஆடுன ஆட்டம் போதும். பூட்டிட்டு வா, பொங்கல் யாவாரம் கெடக்கு.”

அண்ணன் சாவியைத் தேடுகிற மாதிரி சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, நம்ம கூரியருக்கு ஒரு ரூம் வேணும். தருவீங்களா?”

மனுசன் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியில் சாய்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார். எம்புட்டுப் பேர் வேலை பார்ப்பீர்கள், சத்தம் கித்தம் வருமா என்று விசாரித்தார்.

“நாலு பேரு கேட்டுருக்காங்க தம்பி. யோசிச்சுத்தான் சொல்லணும். நாளைக்கு வாங்க” என்றார்.

மச்சான் சொடுக்கிய விரலை மடக்கிக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு நின்று அந்த அறையை வாடகைக்கு வாங்கினேன். அதில் வைக்க என்னிடம் கூடுதலாக ஒரு பார்சல்கூட இல்லை. மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மேலே போவேன். அவரோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கும் ஒரு இடம் வேண்டியிருந்தது.