அக்கறை இல்லாதவர் தேவை

எங்கள் ஊர் வக்கீல்களுக்கு ஒழுக்கம் வந்த கதையை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அதைக் கேட்டு வாங்கியவர்கள் நாங்கள்.

அதற்கு முன்னால் நிலைமை படுமோசம். ஒரே வக்கீல் காலையில் வாதிக்கு யோசனை சொல்வார். சாயங்காலம் அதை எப்படி முறியடிப்பது என்று பிரதிவாதிக்குச் சொல்வார். கேட்க ஆளில்லையா என்று தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுக் கத்தினோம். கத்தல் மேலிடத்துக்கு எட்டியது. 'வழக்குரைஞர் தொழில் ஒழுக்க விதிகள்' தடித்த அட்டையோடு வந்து இறங்கின. அவற்றில் தலையாயது நல முரண் விதி. அதாவது, ஒரு வழக்கில் வக்கீலுக்குச் சொந்த அக்கறை ஏதாவது இருந்தால் அவர் அதைத் தொடக் கூடாது.

விதி நல்ல விதிதான். குறை சொல்ல முடியாது. சொன்னால் ஒழுக்கத்தின் விரோதி என்று பெயர் வரும்.

முதலில் முணுமுணுத்த வக்கீல்கள், அப்புறம் ருசி கண்டுவிட்டார்கள். வழக்கை நடத்துகிறவரைவிட வழக்கிலிருந்து விலகுகிறவருக்கு மவுசு கூடியது. விலகியவருக்கு வக்கீல் மன்றம் வெள்ளி நிறத்தில் ஒரு வில்லை கொடுத்தது. கோட்டில் குத்திக்கொள்ளலாம். "இந்த மாசம் உங்களுக்கு எத்தனை விலகல்?" என்று விருந்துகளில் குசலம் விசாரித்துக்கொண்டார்கள். எதிர்த்தரப்புக்காரர் வீட்டு நாய் ஒருமுறை தன்னைப் பார்த்து வாலாட்டிவிட்டது என்பதற்காக ஒருவர் விலகினார். அவருக்கு இரண்டு வில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் தையல்காரம்மா மேல் வழக்கு வந்தது.

நீதிமன்றத்துக்கு எதிரில் அவருடைய சின்னக் கடை. ஒரு மெஷின், துணி வெட்டும் மேசை, ஆணியில் தொங்கும் கருப்பு அங்கிகள், அவ்வளவுதான். ஊரிலுள்ள வக்கீல் அத்தனை பேருக்கும் அங்கி தைத்தது அவர்தான். கட்டடக்காரருக்கு அந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்டு ஏதோ பெரிதாகச் செய்ய ஆசை. காலி பண்ணச் சொன்னார். அம்மா மறுத்தார். கட்டடக்காரர் கோர்ட்டுக்குப் போனார். வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் வருடங்கள் இருந்தன. அதை யாராவது எழுந்து சொன்னால் போதும், வழக்கு ஒன்றுமில்லாமல் போய்விடும். சொல்லாவிட்டால் அம்மாவின் பிழைப்பு போய்விடும்.

அவர் வாய்தா வக்கீலைப் போய்ப் பார்த்தார். எந்த வழக்கையும் வாய்தா வாங்கியே வளர்த்து ஆளாக்குகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"சார், நீங்கதான் எனக்காகப் பேசணும்."

"பேசிட்டாப் போச்சு. ஆமா, இந்த அங்கி நீங்க தைச்சதுதானே?"

"நான்தான் சார். ஏன், எங்கயாவது பிடிக்குதா?"

"சேச்சே, தோள்பட்டை அப்படியே கச்சிதமா உட்காருது. எனக்கு ரொம்பத் திருப்தி."

"சந்தோஷம் சார்."

"அதுதாம்மா சிக்கல். உங்க கடை போயிட்டா எனக்கு அடுத்த அங்கிய யார் தைப்பா? அப்ப இந்த வழக்குல எனக்குச் சொந்த நலன் வந்துருதில்ல? நான் விலகிக்கிறேன்."

"வேற வக்கீலப் பார்க்கட்டுமா?"

"பாருங்க. அங்கி இல்லாத வக்கீலாப் பாருங்க."

"அப்ப நீங்களே அங்கியக் கழட்டி வச்சுட்டு வந்து பேசுங்களேன்."

"அங்கி இல்லாம கோர்ட்டுல நிக்கறதா? அது ஒழுக்கக்கேடும்மா."

மற்ற வக்கீல்களும் இதே காரணம் சொல்லி விலகிவிட, ஒரே ஓர் இளம் வக்கீல் மிச்சம் இருந்தார். அங்கியில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று அம்மாவோடு சண்டை போட்டவர். தனக்குத் துளியும் திருப்தி இல்லை, அதனால் வழக்கை எடுக்கலாமா என்று ஒழுக்கக் குழுவுக்கு எழுதிக் கேட்டார். குழு ஆழ்ந்து பரிசீலித்தது. திருப்தியின்மை மனக்கசப்பாகும், மனக்கசப்பும் ஒருவகை நலனே என்று பதில் வந்தது. கூடவே ஒரு வில்லையும் வந்தது.

கட்டடக்காரர் வெளியூரிலிருந்து காரில் ஒரு வக்கீலை இறக்கினார். ஆயத்த அங்கி போட்ட வக்கீல், களங்கமே இல்லை. அம்மாவுக்கு அந்த வசதி கிடையாது.

விசாரணையன்று ஊரே கோர்ட்டில் கூடியிருந்தது. எனக்குக்கூட நல்ல இடம் கிடைத்தது.

"எனக்காக நானே பேசிக்கிறேனுங்க அய்யா," என்றார் அம்மா.

வெளியூர் வக்கீல் எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன். வாதாட எழுந்தவர் யாராக இருந்தாலும் அந்த நேரத்துக்கு அவர் வக்கீல். விதி அவருக்கும் பொருந்தும்."

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஏம்மா, கடை போனா உங்களுக்குக் கவலை உண்டா?"

"என்னங்கய்யா இப்படிக் கேக்கறீங்க? சோறே அதுலதான்."

"பதிவு செய்துகொள்ளுங்கள். இவருக்கு வழக்கில் முழு நலன் இருக்கிறது. பேசத் தகுதியில்லை."

நீதிபதி கல்நெஞ்சக்காரர் அல்ல. விதிக்குள் ஏதாவது வழி உண்டா என்று புரட்டிப் பார்த்தார். கிடைத்துவிட்டது.

"வழக்கில் எந்த அக்கறையும் இல்லாத யார் வேண்டுமானாலும் இவருக்காகப் பேச இந்த மன்றம் அனுமதிக்கிறது. இவர் கடை போனால் வருத்தப்படுகிறவர்கள் மட்டும் எழுந்து வெளியே போய்விடுங்கள்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நீதிபதியின் குரல் தழுதழுத்தது. "என் பணிக்காலத்தில் இவ்வளவு ஒழுக்கமான ஊரை நான் பார்த்ததில்லை. அத்தனை பேருக்கும் தகுதி இருக்கிறது. அம்மா, உங்களுக்கு விருப்பமானவரைப் பேசச் சொல்லுங்கள்."

அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். கண்ணீர் விடவில்லை. நம்பிக்கையோடுதான் பார்த்தார்.

"ஒப்பந்தம் இன்னும் முடியலன்னு மட்டும் சொன்னாப் போதும். யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் எழுந்து பேசினால் அக்கறை இருப்பதாக ஆகிவிடும். அக்கறை இருந்தால் பேசத் தகுதி இல்லை. தகுதி இல்லாமல் பேசுவதோ ஒழுக்கக்கேடு. பக்கத்தில் இருந்தவரும் இதையே யோசித்திருப்பார் போலிருக்கிறது. குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் செருப்பைப் பார்த்தேன்.

தீர்ப்பு கட்டடக்காரருக்குச் சாதகமாக வந்தது. ஒரு விதிகூட மீறப்படவில்லை என்று அதில் தனியாக ஒரு பாராட்டும் இருந்தது.

மத்தியானமே கடையைக் காலி செய்தார்கள். அம்மா மெஷினைத் தனியாகத் தூக்க முடியாமல் வாசலில் வைத்துவிட்டு நின்றார். நாங்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.